முகமும் முத்திரையும்: தானியங்கி எல்லைவாயில்களும் கொக்கிளாயும் – ஒரு விமர்சன நோக்கு

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்திலே புலி முத்திரை பொறிக்கப்பட்டது பண்டங்களின் மீதாகும். கடலினின்று கரைக்கும் கரையினின்று கடலுக்கும் செல்லக் குவிந்த பொதிகளுக்கு முத்திரையிட்ட அரச பணியாளரை அப்பாட்டு விரித்துரைக்கின்றது. பொதியோடு வந்திறங்கிய மனிதனை நிறுத்தி, அவன் யாரென்று ஆவணங் கேட்ட செய்தி அங்கு இல்லை. (அர்த்தசாத்திரம் கூறும் முத்திரை அத்தியட்சகன் வேறொரு மரபினன், அவன் மனிதருக்கே அனுமதிச் சீட்டு வழங்கியவன்.) பண்டத்தின் மீதிருந்த முத்திரை மனிதன் மீது வந்து படிந்த வரலாறு நீண்டது. முதலாம் உலகப் போரின் பின்னர், 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸ் நகரிற் கூட்டிய மாநாட்டோடு கடவுச்சீட்டு அதன் இன்றைய வடிவத்தை எய்தத் தொடங்கியது எனலாம். இன்று அம்முத்திரை முகத்திலேயே வந்து நிற்கின்றது. இக்கட்டத்தையே இங்கு நோக்க விழைகின்றோம்.

விமான நிலையங்களில் ‘ஈ-கேற்’ எனப் பயணிகள் வழங்கும் தானியங்கி வாயிலின் தொழிற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தின் அடியில் இரு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 44 எழுத்திடங்கள் கொண்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் இலக்க ஆவணம் வகுத்த நியமம் அது. அவ்வரிகளை வாசித்தே இயந்திரம் கடவுச்சீட்டினுள் பதிந்துள்ள சில்லைத் திறக்கின்றது. சில்லினுள் உரியவரின் முகப்படம், கடவுச்சீட்டை வழங்கிய அரசின் மின்னொப்பத்துடன் இருக்கும். ஒப்பம் மெய்யானதெனக் கண்டபின், எதிரே நிற்பவரைப் படமெடுத்து, இரு முகங்களையும் எண்கோவைகளாக மாற்றி, அவற்றின் ஒப்புமைக்குப் புள்ளியிடுகின்றது. புள்ளி முன்னரே வகுத்த அளவைத் தாண்டினால், தரவுத்தளங்களிலும் தடையெதுவும் இல்லையெனின், கதவு திறக்கும். இல்லையேல் பயணி மனித அலுவலரிடம் அனுப்பப்படுவார். மலேசியா 1998இலேயே சில்லுப் பதித்த கடவுச்சீட்டை வெளியிட்டது. பிரித்தானியாவில் இவ்வாயில் 2008இல் மன்செஸ்டர் விமான நிலையத்திற் பரீட்சார்த்தமாக நிறுவப்பட்டது.

இவ்வாயில்களைப் பற்றி எழுதப்படுவனவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு போக்குகள் புலப்படுகின்றன. ஒன்று வரவேற்புக் கூறுவது: வரிசை குறைந்தது, நொடிகளிற் கடக்கலாம், எல்லை ஏறத்தாழ மறைந்துவிட்டது என்பது. மற்றையது அச்சங் கூறுவது: முகத்தை அரசு சேமிக்கின்றது, தனிமனித அந்தரங்கம் பறிபோகின்றது என்பது. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே வாயிலின் முன்னே ஏற்கெனவே வந்து நிற்கும் பயணியிடமிருந்து தொடங்குகின்றன. அவ்வாயிலுக்கு முன்னால் வந்து நிற்கவே இயலாது போனவரிடமிருந்து தொடங்கினால் இத்தொழில்நுட்பத்தின் பொருள் யாதாகும் என்பதே எமது வினா. அதன்பொருட்டு, விமான நிலையம் எதுவும் அருகில் இல்லாத கரையோரக் கிராமமொன்றைத் தேர்ந்துள்ளோம்.

கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென் அந்தத்தில் உள்ளது. களப்பின் மறுபக்கத்தே புல்மோட்டை. அது திருகோணமலை மாவட்டம். வடமாகாணமும் கிழக்கு மாகாணமும் சந்திக்கும் இக்களப்பிலே மீனவருக்கு எல்லை என்பது நெடுங்காலம் நீரின் ஆழத்தையும் பருவத்தையும் குறித்ததேயன்றி ஆவணத்தைக் குறித்ததில்லை. மேற்குக் கரையிலிருந்து பருவந்தோறும் வந்து வாடியமைத்துத் தொழில் செய்த சிங்கள மீனவரும் அக்கரையில் இருந்தனர். 1984 நவம்பர் 30ஆந் திகதி, உட்பகுதியிலிருந்த கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேற்றப்பட்டிருந்த சிங்களக் குடும்பத்தினரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அதனையடுத்து நாயாற்றிலும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவர் கொல்லப்பட்டனர். டிசம்பர் மாதத்து இராணுவ நடவடிக்கைகளில் தமிழர் பலர் கொல்லப்பட, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ்க் குடிகள் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இவ்விரு தரப்பு மரணங்களுள் ஒன்றைமட்டும் கூறி மற்றையதை மறைக்கும் எழுத்து முறை ஆய்வுக்கு உதவாது.

அப்பண்ணைகளின் முன்வரலாறும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே அங்கு முதலில் குடியமர்ந்திருந்தன. 1984இல் அவர்கள் அகற்றப்பட்டு, சிறைக்கைதிகள் குடும்பங்களோடு அங்கு கொணரப்பட்டனர். அகற்றப்பட்டோர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட சமூகத்தின் வழிவந்தோர். இந்நாட்டிற் பிறந்தும் தந்தையின் அல்லது பாட்டனின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவ இயலாமையே அச்சமூகத்தின் குற்றமாயிற்று. அதே 1948இன் 20ஆம் இலக்கச் சட்டமே குடிவருவோர் குடியகல்வோர் சட்டமாகும். யார் உள்ளவர் என்பதை ஒரு சட்டமும், யார் வரலாம் போகலாம் என்பதை மற்றொரு சட்டமும் ஒரே ஆண்டில் வகுத்தமை தற்செயலன்று. சுதந்திர அரசு தன்னை வரையறுத்துக்கொண்ட முறை அது. ஆவணம் இல்லாதவன் எல்லைக்குச் சென்றுதான் தடுக்கப்படவேண்டும் என்பதில்லை. மணலாற்றுக் காட்டிற் பயிர்செய்துகொண்டிருக்கும்போதே அவன் எல்லைக்கு வெளியில் நிற்பவன் ஆகிவிடுகின்றான்.

கொக்கிளாய் வெறிதாகி ஐந்து மாதங்களின் பின், 1985 மே மாதத்தில், பிரித்தானியா இலங்கையருக்கு முன்விசாக் கட்டாயத்தை விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிகள் மீது இவ்விதி சுமத்தப்பட்டது அதுவே முதன்முறை. இலங்கையிலிருந்து புகலிடம் நாடி வந்த தமிழரின் வருகையே அதற்கு உடனடிக் காரணம். 1987 பெப்ருவரியில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தம்மைத் திருப்பியனுப்ப முயன்றமைக்கு எதிராக, விமானத் தரையிலேயே தம் ஆடைகளைக் களைந்து நின்றனர். அடுத்த மாதமே விமானக் கம்பனிகளின் பொறுப்புப் பற்றிய மசோதா பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் வந்து, அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. உரிய பத்திரமின்றி ஏற்றிவரும் ஒவ்வொரு பயணிக்கும் கம்பனி 1,000 பவுண் தண்டம் இறுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இச்சட்டத்தின் பொருளைச் சற்று விரித்து நோக்குதல் தகும். அதுவரை புகலிடம் கோருபவன் எல்லைக்கு வந்து, அலுவலரைக் கண்டு, தன் கதையைச் சொல்ல முடிந்தது. நம்புவதும் நம்பாததும் வேறு விடயம். 1987இன் பின் எல்லை கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் பம்பாயிலும் உள்ள விமானச் சீட்டுக் கருமபீடத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்கு நிற்கும் கம்பனி ஊழியர் புகலிடச் சட்டம் அறியார். கதை கேட்பதற்கு அவருக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. தண்டத்தை எண்ணி, ஐயமுள்ளவரை ஏற்றாது விடுவதே அவரது நலனுக்கு உகந்தது. அரசின் கடமை இவ்வாறு தனியார் மூலதனத்தின் இலாபநட்டக் கணக்கோடு பிணைக்கப்பட்டது. பத்திரமில்லாதவர் விமானத்தில் ஏறமாட்டார் என்பது உறுதியானபின்னரே, இறங்கும் இடத்தில் அலுவலரை விலக்கி இயந்திரத்தை நிறுத்துவது இயல்வதாயிற்று. தானியங்கி வாயிலின் விரைவுக்கு மின்னணுவியலின் வளர்ச்சி ஒரு காரணம். வாயிலுக்கு வெகு தொலைவில் நடந்தேறிய இவ்விலக்கல் மற்றொரு காரணம். அவ்விலக்கலின் தொடக்க வரலாற்றில் ஈழத்தமிழர் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதை எம்மவர் எழுத்துக்கள் போதியளவு கவனித்தில.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது. வன்னி மக்களின் அனுபவத்தில் மனித அலுவலன் ஒருபோதும் மேலானவனாக இருந்ததில்லை. 1990களில் வவுனியாவிலே ஒரு நாட் பாஸ், வாரப் பாஸ், மாதப் பாஸ் என மனிதர் வகுக்கப்பட்டனர். விடுதலைப் புலிகளும் தம் பகுதியிலிருந்து வெளியேறுவதற்குப் பாஸ் நடைமுறையை விதித்துப் பிணையாள் கேட்டனர்; 2002இன் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையில் ஒரு சாவடியும் புளியங்குளத்தில் மறு சாவடியுமாக ஒரே வீதியில் இரு அரசுகளின் கண்கள் பயணியைத் துருவின. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. அடையாள அட்டையில் உள்ள முகவரியும் பிறந்த ஊருமே அங்கெல்லாம் குற்றச்சாட்டுப் பத்திரம். 2009இல் போரினின்று வெளிவந்த மக்கள் ஓமந்தையிலே வடிகட்டப்பட்டுச் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, ஏறத்தாழ 280,000 மனிதர் அவ்வடிகட்டலுக்கு உட்பட்டனர்.

இவற்றைக் கடந்து வந்தவர், இன்று பிரித்தானியக் கடவுச்சீட்டோடு ஹீத்ரோவின் கண்ணாடிக் கதவின் முன் நிற்கையில் ஓர் ஆறுதலை உணர்வாரெனின் அதனை ஏளனஞ் செய்ய எமக்கு உரிமையில்லை. இயந்திரம் அவரது ஊரைக் கேட்பதில்லை. பிறந்த இடம் மனிதர் வாசிக்கும் பக்கத்தில் அச்சாகியிருக்கும்; இயந்திரம் வாசிக்கும் அவ்விரு வரிகளில் அதற்கு இடம் இல்லை. கொக்கிளாய் என்ற சொல் அங்கு எவரையும் புருவம் உயர்த்தச் செய்வதில்லை. குரலை உயர்த்தாத, இலஞ்சங் கேளாத, பெண்களை உற்றுநோக்காத காவலன் என்ற வகையில் இயந்திரம் மேம்பட்டதே.

ஆயின் ஊரைக் கேளாத இயந்திரம் மற்றொன்றைக் கேட்கின்றது. நாட்டைக் குறிக்கும் மூன்று எழுத்துக்களே அது. ஜீபீஆர் என இருப்பின் வாயிலுக்குச் செல்லும் வழி திறக்கும். 2019 மே மாதத்தில் பிரித்தானியா இவ்வாயில்களை அவுஸ்திரேலியா, கனடா, யப்பான், நியூசிலாந்து, சிங்கப்பூர், தென்கொரியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாட்டினருக்குத் திறந்துவிட்டது. எல்கேஏ எனில் வழி வேறு. ஒரே தாய் பெற்ற இருவருள், கனடியக் குடியான தம்பி வாயிலைக் கடக்கும் நொடிகளும், முல்லைத்தீவிலிருக்கும் தமக்கை வங்கிக் கணக்கும் காணி உறுதியும் திரட்டிக் கொழும்பு சென்று விரல்ரேகை பதித்துக் காத்திருக்கும் மாதங்களும் ஒரே அமைப்பின் இரு பக்கங்களாம். காணி உறுதி என்றோம். 1984இல் ஓடியவர்கள் 2009இன் பின்னர் மீண்டபோது, தம் வயல்கள் சில மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பிறர்க்குப் பகிரப்பட்டிருக்கக் கண்டனர். மணலாறு 1988இல் வெலிஓயாவாகியிருந்தது. உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் இடப்பெயர்வுகளில் தொலைந்திருந்தன. தன் ஊரிலேயே தன்னை நிறுவ இயலாதவர் அயல்நாட்டுத் தூதரகத்திற்கு எதைக் காட்டி நிறுவுவார்? வாயில் கேட்பது, முகம் ஆவணத்தோடு பொருந்துகின்றதா என்பதை மாத்திரமே. ஆவணம் எவ்வாறு பிறந்தது, எவருக்குப் பிறக்கவில்லை என்ற வினா அதன் அறிவெல்லைக்குள் வருவதில்லை.

ஆட்டத்தின் விசித்திரம் இன்னும் ஒன்று. அதே கனடியத் தம்பி 2014 ஒக்டோபரின் பின் ஊர் காண வந்திருப்பின், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையோர் வடக்கே செல்வதற்குப் பாதுகாப்பு அமைச்சின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி ஓமந்தையில் அவரை நிறுத்தியிருக்கும். 2015 ஜனவரியில் அவ்விதி நீக்கப்பட்டது; அவ்வாண்டிலேயே ஓமந்தைச் சாவடியும் அகற்றப்பட்டது. ஆனால் ஒரு நாட்டின் நடுவே கடவுச்சீட்டு வாசிக்கப்பட்ட அம்மாதங்கள், எல்லை என்பது நாட்டின் ஓரத்தில்தான் இருக்கும் என்ற பூகோளப் பாடத்தைப் பொய்யாக்கின.

பெயரைப் பற்றியும் சில கூறவேண்டும். இரு வரிகளுள் முதலாவதிலே பெயருக்கு 39 இடங்கள் உள்ளன; உரோம எழுத்துக்கள் மட்டுமே அனுமதி. முதலிற் குடும்பப் பெயர், பின் ஏனைய பெயர்கள் என்பது விதி. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னின்று ஒரு தலைமுறையோடு மறைவது எம் வழக்கு. விதியின் முன், தந்தை குடும்பமாகின்றான். பேரப்பிள்ளையின் கடவுச்சீட்டில் பாட்டனின் சொந்தப் பெயர் பரம்பரைப் பட்டமாக நிலைத்துவிடுகின்றது. பெண், மணமானதும் மாமனாரின் பெயரால் அழைக்கப்படுவதும் புலம்பெயர் நாடுகளிற் காணும் வேடிக்கை. ழகர ளகர லகரங்கள் மூன்றும் ஓரெழுத்தாய்ச் சுருங்க, ஒரே குடும்பத்தார் மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று குடும்பத்தாராகின்றனர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. ஐரோப்பியக் குடும்ப அமைப்பொன்றின் சாயலில் வார்க்கப்பட்ட அச்சு, உலகப் பொதுமை என்ற பெயரில் எம் பெயரிடு மரபையே திருத்துகின்றது. மொழியியலாளர் எவரும் இம்மாற்றத்தை முறையாக ஆராய்வரேல் பயன் மிகும்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். எம் புலம்பெயர் புனைவில் எல்லை எவ்வாறு உருவங்கொண்டுள்ளது? ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி வழக்கு விண்ணப்பத்தின் வடிவிலேயே தொடங்குகின்றது. அவ்வுத்தி வெறும் அலங்காரமன்று. புகலிடம் கோருபவன் தன் வாழ்வை அதிகாரிக்கு ஏற்ற கதையாக்க வேண்டிய நிர்ப்பந்தத்தையே நாவல் தன் வடிவமாக்கிக்கொண்டது. அவரே முதன்மைப் பாத்திரமேற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம், 2015இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது. அதில் உறவற்ற ஆண், பெண், சிறுமி மூவரும் இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டுக்களால் குடும்பமாகி ஐரோப்பா அடைகின்றனர். பிரெஞ்சு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தமிழரின் குறுக்கீடு அவர்களது கதையைக் காக்கின்றது.

இவ்விரு படைப்புகளிலும் எல்லை ஓர் உரையாடலாக இருக்கின்றது. கேட்பவன் உள்ளான், சொல்பவன் உள்ளான், இடையில் மொழிபெயர்ப்பவன் உள்ளான். பொய்யும் மெய்யும் கலந்து சொல்லப்படும் அவ்விடைவெளியிலேதான் மனிதன் தப்பிப் பிழைக்கின்றான். புனைவுக்கு இடந்தந்ததும் அதுவே. முகத்தை ஒப்பிடும் வாயிலின் முன் தீபனின் குடும்பம் உருவாகவே முடியாது. இறந்தவனின் முகம் சில்லினுள் இருக்கும். விண்ணப்பம் எழுதுபவன் சொற்களால் தன்னை ஆக்கினான். இங்கு உடலே ஆவணமாகி, சொல் தேவையற்றதாகின்றது. எம் எழுத்தாளர் பலர் இன்னும் அதிகாரியின் கண்ணையும் கேள்வியையுமே எழுதிக்கொண்டிருக்கின்றனர். அக்காட்சியின் உணர்ச்சி வலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தமிழ் அகதியின் விதியை இன்று பெரிதும் தீர்மானிப்பது, அவன் முகத்தையே காணாத தரவுத்தளமும், விமானத்தில் ஏற்றாதுவிட்ட கருமபீடமுமே. வில்லனற்ற இவ்வன்முறையைப் புனைவாக்கும் வடிவம் எமக்கு இன்னும் கைவரவில்லை என்பது எம் துணிபு.

இயந்திரத்தின் தவறுகளைப் பற்றி விரிவாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. சுருங்கக் கூறி அமைவோம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும் செய்நிரல்கள் பல, வேறு இருவரை ஒருவரெனத் தவறாகக் கொள்ளும் வீதம் வெள்ளையரிலும் பார்க்க ஆசியர், ஆபிரிக்க அமெரிக்கர் முகங்களில் 10 முதல் 100 மடங்குவரை உயர்ந்திருந்ததைக் காட்டியது. செய்நிரலுக்குச் செய்நிரல் இவ்வேறுபாடு மாறியது. 2023 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் பிரித்தானிய வாயில்கள் நாடளாவிச் செயலிழந்தபோது வரிசைகள் மணிக்கணக்கில் நீண்டன. உடனே மனித அலுவலர் மீண்டும் தேவைப்பட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொணர்ந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு, ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து குறுகிய காலம் தங்க வருவோரின் முகத்தையும் நான்கு விரல்ரேகைகளையும் கேட்கின்றது. வலையிழுத்தும் மண்வெட்டி பிடித்தும் ரேகை தேய்ந்த விரல்களை இக்கருவிகள் வாசிக்க இடர்ப்படுவது அறியப்பட்டதே. உழைப்பின் சுவடு அடையாளத்தின் குறைபாடாக எண்ணப்படும் முரண் இது. எனினும் இத்தவறுகள் திருந்தக்கூடியவை. எல்லா முகங்களையும் சமமாக அறியும் செய்நிரல் நாளை அமையினும், எந்த முகங்கள் அதன் முன் வரலாம் என்ற வினா அப்படியே நிற்கும். ஆதலின் எமது விமர்சனத்தைத் தவறுவீதத்தின் மீது கட்ட விரும்பவில்லை.

இலங்கையிலும் உயிரளவைத் தரவோடு கூடிய தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றுக்கு இந்திய நன்கொடையுடன் 2022இல் உடன்படிக்கை செய்யப்பட்டுள்ளது. 1968இன் ஆட்பதிவுச் சட்டத்திலிருந்து தொடரும் கோட்டின் நீட்சியாக இதனை நோக்கவேண்டும். அட்டை மறந்தால் சாவடியில் மறிக்கப்பட்ட தலைமுறையினர், இனி அட்டையை மறக்க இயலாத நிலைக்கு வருகின்றனர். முகத்தை வீட்டில் வைத்துவிட்டு எவரும் வெளிக்கிடுவதில்லை.

கொக்கிளாய்க்கு அயலிலுள்ள கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்றின் கண்காணிப்பில் 2024 ஜூலைவரை கட்டங்கட்டமாக நடந்த அகழ்வில் 52 பேரின் எலும்புக்கூட்டு எச்சங்கள் மீட்கப்பட்டன. சிலவற்றோடு விடுதலைப் புலிகளின் உடையும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. தகட்டில் உள்ள இலக்கத்தை வாசிக்க முடிகின்றது. அவ்விலக்கத்தை வழங்கிய இயக்கம் 2009இல் அழிந்துபோயிற்று. அதன் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டாலன்றி அது பெயராக மாறாது. முல்லைத்தீவு நகரிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரத்தில் ஏந்தி நிற்கும் படங்களுட் பல, அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. நேர்நோக்கிய முகம், வெற்றுப் பின்னணி, சிரிப்பில்லாத உதடு: இயந்திரம் விரும்பும் விதமாகவே அவை எடுக்கப்பட்டுள்ளன.